நடுவர் மேல் புகார் இல்லை

இல்லம்மா, கர்மம்னு சொன்னது உங்ககிட்ட பேச்சுக்குச் சொன்னது. அதையுமா டைப் அடிச்சிட்டீங்க? அழிங்க, அழிங்க. விசாரணைக் கமிட்டிக்குப் போற பேப்பரு. என் வாயில வர்றத எல்லாம் அடிச்சீங்கன்னா ஒரு பய மதிக்க மாட்டான். இப்படிப் பண்ணுவோம். நான் கையத் தூக்கினா அடிங்க, இறக்கிட்டா நிறுத்திடுங்க. சைகை காட்டியே பழகின கைதான், குழப்பாது.

எதுவரைக்கும் வந்திருக்கு, படிங்க? ஆங். கல்லூரிகளுக்கு இடையிலான மகளிர் வாலிபால், அரையிறுதி, முதல் நடுவராக நான் இருந்தேன். சரியா இருக்கு.

முதல் நடுவர்னா நெட்டு ஓரத்துல ஏணி மாதிரி ஒரு ஸ்டாண்டு இருக்கும்மா, அதுமேல ஏறி நிக்கிற ஆளு. இன்னொருத்தர் எதிர்ப்பக்கம் தரையில நிப்பாரு. மேல நிக்கிறவன் சொல்றதுதான் முடிவு. எனக்கு வேலை ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரு. லீவு நாள்ல இது. இருபத்திரெண்டு வருஷமா ஏறி நிக்கிறேன். வீட்டுக்காரி கிண்டல் பண்ணுவா, அந்த ஏணி மேல நிக்கும்போதுதான் உங்களுக்கு முதுகே நிமிருது, வீட்டுல கவுந்துதான் கெடக்குறீங்கன்னு.

இல்லம்மா, போலீஸ் கேஸ் தனியா ஓடுது, வீடியோ எடுத்த ஒருத்தன் மேல, அத அப்புறம் சொல்றேன். இது காலேஜ் வச்சிருக்கிற விசாரணை. புகார் குடுத்த புள்ள ஒரு திருநங்கை. அத முன்னாடியே சொல்லிடறேன், அப்பதான் மத்தது விளங்கும். பொறந்தப்ப ஆம்பளப் புள்ளைன்னு எழுதினாங்க, இப்ப பொண்ணா இருக்கா. பொண்ணுங்க டீம்ல ஆடுறா. டீம் கேப்டனே அவதான். லிஃப்டர். அப்படின்னா பந்த தான் அடிக்காம, அடிக்கிறவளுக்குத் தோதா மேல தூக்கிக் குடுக்குறவ. கைதட்டு பூரா அடிச்சவளுக்குப் போகும். இவ தூக்கிக் குடுத்துட்டு அடுத்த பந்துக்கு ஓடிடுவா. பேரு வேணாம், கமிட்டிக்குத் தெரியும். லிஃப்டர்னே போடுங்க.

ஆட விட்டது சரியான்னா கேக்குறீங்க? எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. அத முடிவு பண்றதுக்குன்னு போர்டு இருக்கும்மா. ரெண்டு வருஷம் ரத்தப் பரிசோதனை, டாக்டர் சர்டிஃபிகேட்டு, எல்லாத்தையும் பாத்துட்டு, இவங்க ஆடலாம்னு சீல் வச்சு லெட்டர் குடுத்திருக்கு. மேட்ச்சுக்கு முன்னாடி அந்த லெட்டர என் கையாலயே வாங்கிப் படிச்சேன். அது சரியில்லன்னு நெனைக்கிறவங்க இருப்பாங்க, இருக்கட்டும். போர்டுக்கு எழுதிப் போடட்டும், வாதாடட்டும், அது மரியாதை. இவங்க பண்ணினது வாதமாம்மா? சாக்கடைய வாளியில அள்ளி ஒரு புள்ள தலையில ஊத்தினாங்க.

கை தூக்கிட்டேன். அடிங்க. ஆட்டம் தொடங்கும் முன் இரு அணியினரும் வரிசையாக நின்று கை குலுக்கினர். எதிர் அணியைச் சேர்ந்த ஆறு பேரும் லிஃப்டரிடம் கை கொடுக்கவில்லை.

இப்ப அடிக்க வேணாம். கேளுங்க. நெட்டுக்கு அடியில கைய நீட்டிக்கிட்டே வர்றாங்க, இவகிட்ட வந்ததும் கை பின்னால போயிடுது. ஒருத்தி தெரியாமத் தொட்டுட்டா. தொட்டவ என்ன பண்ணினான்னு நெனைக்கிறீங்க? டவுசர்ல கையத் தொடைச்சா. மலத்த மிதிச்ச மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு தொடைச்சுத் தொடைச்சு எடுக்கறா. பத்தொம்பது வயசு இருக்குமா அவளுக்கு? பெஞ்சுல உக்காந்திருந்த அவங்க கோச் சிரிக்கிறான். புள்ள அசிங்கம் பண்ணுது, வாத்தியாரு சிரிக்கிறாரு.

அப்புறம் கேலரி. மாடியில எதிர் காலேஜ் பசங்க அம்பது அறுபது பேரு. இவ சர்வீஸ் போட பந்த எடுத்துட்டுப் பின்னால போனாப் போதும், மேள தாளத்தோட ஆரம்பிச்சிடுவானுங்க. என்ன சொன்னாங்கன்னு அப்படியே எழுதணும்னு கமிட்டி கேட்டிருக்கு. எப்படிம்மா உங்ககிட்ட வாயத் திறந்து சொல்றது? புள்ளி வச்சிடலாமா?

என்னது, இதவிட மோசமா அடிச்சிருக்கீங்களா? விவாகரத்து கேஸு பேப்பரு எல்லாம் இங்கதான் அடிக்கிறாங்களா? அதுவும் சரிதான். உங்க காது கேக்காததா. அப்ப ஒரு துண்டுப் பேப்பர் குடுங்க, எழுதித் தர்றேன், பாத்து அடிங்க. இந்தாங்க. மூணு வார்த்தை. மொத ரெண்டும் பழசு, பஸ்ஸ்டாண்டுல கேக்குறதுதான். மூணாவதுதான் ராகம் போட்டுப் பாடினது, அவுத்துக் காட்டுன்னு ஆரம்பிக்கிறது. பாத்தீங்களா, உங்க மூஞ்சியே மாறிடுச்சு.

அந்தக் கூட்டத்துல ஒரு அப்பன்காரன். எதிர் டீம்ல ஆடுற பொண்ணோட அப்பா. இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்ல ரெண்டு பேனா, பாத்தா எந்திரிச்சு வழி விடத் தோணும். அவரு கைப்பிடிச் சுவர்ல சாஞ்சுக்கிட்டு, எந்தக் கக்கூசுக்குடா நீ போற, எந்தக் கக்கூசுக்குன்னு தொண்டை கிழிய கத்துறாரு. பக்கத்துல பொண்டாட்டி வேற, தண்ணி பாட்டில மூடியத் திறந்து எடுத்துக் குடுக்கறாங்க, அவரு தொண்டை காஞ்சிடக் கூடாதுன்னு. பெத்தவங்கம்மா இவங்க. ஒரு பொண்ணப் பெத்து வளக்குறவங்க. த்தூ!

மன்னிச்சுக்கோங்க, உங்க தரையில துப்பல. சும்மா சத்தம்தான்.

எதிர் டீமத் திட்டிக்கிட்டு இருந்தா அவ சொந்தக் காலேஜு ஏதோ யோக்கியம்னு நெனைச்சுடாதீங்க. போட்டி நடந்தது மூணு நாளு. மொத நாளே பொண்ணுங்க ட்ரெஸ் மாத்துற ரூம் வாசல்ல ரெண்டு பேரு நின்னு மறிச்சிருக்காங்க. இவ போய் அவங்க பி.டி. மாஸ்டர்கிட்ட சொல்லியிருக்கா. மறிச்சவங்களக் கூப்பிட்டுக் கண்டிக்கணுமா வேணாமா? இவரு என்ன பண்ணினாரு தெரியுமா? ஸ்டோர் ரூம் சாவிய எடுத்து இவ கையில குடுத்தாரு. நீ இங்க மாத்திக்கோம்மா, பிரச்சினையே வேணாம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு. கிழிஞ்ச நெட்டு, காத்துப்போன பந்து, மழையில நனைஞ்ச மெத்தை, எலிப் புழுக்கை. அதுக்கு நடுவுல நின்னு ஒரு டீம் கேப்டன் மூணு நாள் ட்ரெஸ் மாத்தியிருக்கா. மாஸ்டரு கமிட்டியில சொல்றாரு, தனி அறையே ஒதுக்கிக் குடுத்தோம்னு. ஒதுக்கினோம்னு அவரு சொன்னதுல ஒரு பொய்யும் இல்லம்மா. ஒதுக்கத்தான் செஞ்சாங்க.

அந்த ஸ்டோர் ரூம் ஜன்னல்ல ஒரு கண்ணாடி கிடையாது. அட்டை வச்சு மறைச்சிருந்தது. அரையிறுதி அன்னைக்குக் காலையில ஒருத்தன் அந்த அட்டைய விரல் விட்டு நகத்திட்டு, போன உள்ள நீட்டியிருக்கான். அவதான் அந்தப் போனப் பாத்துட்டுக் கத்தியிருக்கா. அவன் ஓடிட்டான். மேட்ச் ஆரம்பிக்க ஒரு மணி நேரத்துக்குள்ள அது பாதிப் பேரு போனுக்குப் போயிடுச்சு. ஆமாம்மா. அதத் தெரிஞ்சுக்கிட்டேதான் ஆட வந்தா. அவ கோர்ட்டுல நிக்கிறா, மேல கேலரியில அதப் பாத்துக்கிட்டு, போனப் பாக்குறதும் அவளப் பாக்குறதுமா ஒப்பிட்டு ஒப்பிட்டுச் சிரிக்கிறானுங்க. இத நான் ஸ்டாண்டு மேல இருந்து பாத்தேன். என்ன வீடியோன்னு அப்பத் தெரியாது. ஆனா சிரிப்பப் பாத்தா தெரியாதா, எந்த மாதிரிச் சிரிப்புன்னு?

அடிங்க. கேலரியில் இருந்தவர்கள் கைப்பேசியைப் பார்த்துவிட்டு லிஃப்டரைச் சுட்டிக்காட்டிச் சிரித்ததை நான் பார்த்தேன். ஆமா, நான் பார்த்தேன்னே போடுங்க.

ஃபேன கொஞ்சம் குறைங்கம்மா, பேப்பர் பறக்குது.

மொத செட்டு லிஃப்டர் டீம்தான் ஜெயிச்சுது. அத நான் சொல்லியே ஆகணும். என் சர்வீஸ்ல எத்தனையோ லிஃப்டரப் பாத்திருக்கேன். இவ கை மாதிரி ஒரு கை பாத்ததில்ல. பந்து வந்து விழுற சத்தமே கேக்காது. அடிக்கிறவளுக்கு முதுகக் காட்டிக்கிட்டே பின்னால தூக்கிப் போடுவா, அடிக்கிறவ கரெக்டா அங்க வந்து நிப்பா. இவளுக்கு ஆம்பள பலம்னு எதிர் டீம் கோச் போர்டுக்குப் புகார் வேற எழுதியிருந்தான். எதிர் டீம்ல நாலு பேரு அவளவிட உயரம். பலத்துல ஒண்ணும் ஜெயிக்கல அவ. மூளையில ஜெயிச்சா.

ரெண்டாவது செட்டு. பதினெட்டு பதினாறு. இவங்கதான் முன்னால. கேலரி சத்தம் காது கிழியுது. யாரோ ஒருத்தன் ஆம்பள ஜட்டி ஒண்ண மேல இருந்து சுருட்டி எறிஞ்சான். அவ காலடியில வந்து விழுந்துச்சு. எல்லாரும் நின்னுட்டாங்க. அவ அதத் தாண்டி நடந்து என் ஸ்டாண்டுக்குக் கீழ வந்தா. கேப்டன் மட்டும்தான் நடுவர்கிட்ட பேசலாம், வேற யாரும் பேசக் கூடாது, அது விதி. கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு அண்ணாந்து பாத்து, சார், அவங்கள நிறுத்தச் சொல்லுங்க சார்னா. எனக்காகன்னு இல்ல சார், எங்க டீம்ல ரெண்டு பேரு மொத வருஷம், பயத்துல பந்த எடுக்கவே முடியலன்னா. குரல உசத்தல. அழல. முகத்துல வேர்வை, அவ்வளவுதான்.

நான் பதில் சொன்னேன். அவ சரி சார்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டா.

என்ன பதிலா? ஒரு பதில். நடுவர் சொல்ற பதில்தான். வரிசையாப் போவோம்மா, அதுக்கும் வர்றேன்.

நிறுத்தியிருக்கலாமான்னா, நிறுத்தியிருக்கலாம். பேஷா நிறுத்தியிருக்கலாம். கூட்டத்தால ஆட்டத்துக்கு இடைஞ்சல்னா முதல் நடுவர் ஆட்டத்த நிறுத்திட்டு, போட்டி நடத்துறவங்களக் கூப்பிட்டு, ஒழுங்கு பண்ணச் சொல்லலாம். கேலரியக் காலி பண்ணிட்டுத்தான் தொடருவேன்னு சொல்லலாம். ஒரே ஒரு விசில். வாயிலதான் இருந்துச்சு. ஊதல. அடிங்க இதையும். ஆட்டத்தை நிறுத்த எனக்கு அதிகாரம் இருந்தது. நான் நிறுத்தவில்லை.

ஏன்னு எழுத வேணாம். உங்களுக்குச் சொல்றேன். கீழ சோபாவுல, பெரிய போட்டிகளுக்கு நடுவரத் தேர்ந்தெடுக்குற மேல்மட்டப் பேனல் ஆளுங்க மூணு பேரு உக்காந்திருந்தாங்க. அந்த வருஷம் என் பேரு அவங்க லிஸ்ட்ல இருந்துச்சு. மேட்ச்ச நிறுத்தினா, இவனுக்குக் கூட்டத்தக் கட்டுப்படுத்தத் தெரியலன்னு எழுதிடுவாங்களோன்னு ஒரு பயம். அப்புறம் அந்த ரெண்டு பேனாக்காரரு, அவரு எனக்கும் தெரிஞ்சவருதான், என் ஸ்கூல் நிர்வாகத்துல இருக்காரு. இதெல்லாம் ஒரு காரணமாம்மா? சொல்லும்போதே வாய் நாறுது.

அவ திரும்பிப் போனப்புறம் அந்த செட்டு முடியிற வரைக்கும் ஆடினா. எண்ணி பதினொரு பாயிண்டு. அதே கை, அதே சத்தமில்லாத பந்து. ஆனா ஒரு தடவைகூட என்னப் பாக்கல. செட்டு தோத்தாங்க. கோர்ட்டு மாறும்போது, பந்த எடுத்துட்டுப் போய் ரெண்டாவது நடுவர் கையில குடுத்தா. நான் மேலதான நிக்கிறேன், என்கிட்ட குடுத்திருக்கலாம். குடுக்கல. பெஞ்சுல இருந்த துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, பக்கத்துக் கதவு வழியா வெளிய போயிட்டா. மேல இருந்து கைதட்டினானுங்கம்மா. ஜெயிச்ச மாதிரி. மாத்து ஆள வச்சு ஆடி இவங்க தோத்தாங்க. நான் ஸ்கோர் ஷீட்ல கையெழுத்துப் போட்டேன். குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும், ஏதாவது அசம்பாவிதம் நடந்தா அதுல எழுதணும். ஒன்றும் இல்லைன்னு எழுதினேன்.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அவ காலேஜுக்கே வரல. அந்த மொத வருஷப் புள்ளைங்க ரெண்டும் வீட்டுக்குப் போயிப் பேசிப் பேசித்தான் கூட்டிட்டு வந்திருக்குங்க. இப்ப கிளாசுக்கு வர்றாளாம். கிரவுண்டு பக்கம் எட்டிப் பாக்குறதில்லையாம். வந்ததும் மொத வேலையா புகார் எழுதினா. ஒம்பது பக்கம். கமிட்டி அதக் காப்பி எடுத்து, அன்னைக்கு வேலை பாத்த எல்லா நடுவருக்கும் அனுப்பிச்சு, நீங்க பாத்தத எழுதிக் குடுங்கன்னு கேட்டிருக்கு. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன்.

தபால் வந்தப்ப வீட்டுல நான் இல்ல. வீட்டுக்காரி பிரிச்சுட்டா. நான் செருப்பக்கூட கழட்டல, வாசல்லயே நிறுத்தி, பயந்துட்டேங்க, நல்லவேளை உங்க மேல ஒண்ணும் இல்லன்னா. அவ தங்கச்சிக்குப் போன் போட்டு வேற சொல்றா, எங்க வீட்டுக்காரரப் பத்தி மட்டும் அந்தப் பொண்ணு நல்லவிதமா எழுதியிருக்கு, அவரு குணம் அப்படின்னு. அன்னைக்கு எனக்குப் பிடிச்சதாப் பாத்து சமைச்சா. நானும் உக்காந்து சாப்பிட்டேம்மா. ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த அளவுக்கு மரத்துப் போயிருந்துச்சு.

ராவும் பகலுமா படிச்சுட்டேன் அத. எல்லாம் இருக்கு. கையத் தொடைச்சவ இருக்கா. அந்தக் கோச், அந்த அப்பன், ஸ்டோர் ரூம் சாவி, எலிப் புழுக்கை, ஜன்னல் அட்டை, ஜட்டி எத்தனாவது பாயிண்ட்ல விழுந்துச்சுங்கிறது வரைக்கும் இருக்கு. அஞ்சாம் பக்கம், நடுவுல, ரெண்டே வரி. நடுவரிடம் முறையிட்டேன். நடுவர் மேல் எனக்குப் புகார் இல்லை. அவ்வளவுதான். அடுத்த வரி வேற எதுக்கோ போயிடுது.

ஏன் அப்படி எழுதினான்னு எனக்கு விளங்கவே இல்லம்மா. யாரும் நம்ப மாட்டாங்கன்னு விட்டாளா? சாட்சி இல்லன்னு விட்டாளா? இல்ல, திரும்ப ஆட வரணும்னா நடுவருங்க தயவு வேணும்னு கணக்குப் போட்டாளா? பாவம்னு விட்டான்னு மட்டும் வச்சுக்காதீங்க, அப்படி நெனைச்சா எனக்கு இன்னும் கேவலம். போய்க் கேட்டுடலாம்னு ஒருநாள் காலேஜ் வாசல் வரைக்கும் போனேன். நான் நிம்மதியாத் தூங்கறதுக்கு அவ எதுக்கு எனக்குப் பதில் சொல்லணும்? அப்படியே திரும்பி வந்துட்டேன்.

ஆமா, நான் பாத்தத மட்டும் எழுதிக் குடுத்தாப் போதும். நீங்க சொல்றது சட்டப்படி சரி. இதோட முடிச்சு, இப்படிக்குன்னு போட்டுக் கையெழுத்துப் போட்டாப் பேப்பர் முடிஞ்சுது. நல்ல சாட்சின்னு பேரும் வரும். எல்லாரையும் காறித் துப்பினேன், பாத்தீங்கல்ல, எவ்வளவு நல்லாத் துப்பினேன்?

இன்னும் ஒண்ணு இருக்கும்மா. கை தூக்கிட்டேன்.

லிஃப்டர் என்னிடம் முறையிட்டபோது நான் ஸ்டாண்டிலிருந்து குனிந்து பதில் சொன்னேன். அவளைத் தவிர வேறு யாருக்கும் கேட்கவில்லை. போட்டாச்சா? மேல இருந்து குனிஞ்சாப் பாக்குறவங்களுக்கு ஏதோ விதி விளக்குற மாதிரிதான் தெரியும். அவ அண்ணாந்து, காத எனக்குக் குடுத்து நின்னா. நல்லதா ஏதோ சொல்லப் போறேன்னு நெனைச்சிருப்பா.

மொதல்ல நீ ஆம்பளையா பொம்பளையான்னு முடிவு பண்ணிட்டு வா, அப்புறம் விதி பேசலாம்னேன்.

சிரிச்சுக்கிட்டு சொன்னேன். அதையும் போடுங்க.

யாரும் சொல்லச் சொல்லலம்மா. கோவமும் இல்ல. எனக்கும் அவளப் பாத்தா உள்ள ஒரு மாதிரிதான் இருந்துச்சு, அந்தக் கையத் தொடைச்சவளுக்கு இருந்த அதேதான். டாஸ் போட்டப்ப அவ கை குடுக்க வந்தா, நான் வாட்ச்சப் பாக்குற மாதிரி மணிக்கட்டத் திருப்பிக்கிட்டேன். அவங்களாவது மேல நின்னு கத்தினாங்க. நான் காதுல போய்ச் சொன்னேன்.

ஏன் கை நின்னுடுச்சு? அடிங்கம்மா.

என்ன அடிச்சிருக்கீங்க, காட்டுங்க. முதலில் தாங்கள் யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டு வாருங்கள். இல்ல, இல்ல. எழுத்துத் தமிழ்ல போட்டீங்கன்னா அது மரியாதையா ஆயிடுது. நான் சொன்னது அது இல்ல. எப்படிச் சொன்னேனோ அப்படியே போடுங்க, ஒரு எழுத்து மாத்தாதீங்க. நீ. ஆம்பளையா, பொம்பளையா.

வாருங்கள் இல்லம்மா. வா.